ஐந்து கட்டை மின்சாரம்

பழைய எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவனுக்கு வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வர வேண்டும். என்னுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஜாடையில் யாரோ செய்தது. வாசிக்கும்போது வரும் சத்தத்தைவிடச் சும்மா இருக்கும்போது வரும் சத்தம்தான் அதிகம்.

வால்யூம் குமிழைத் திருகினால் கறகறவென்றால், உள்ளே பாட்டில் தூசி. (பாட் என்பது பொட்டென்ஷியோமீட்டரின் செல்லப்பெயர்.) கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு பீச்சி, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருகினால் பெரும்பாலும் அடங்கும். தையல் மெஷின் எண்ணெய் விடலாமே என்று யோசனை சொல்லாதவர் எங்கள் தெருவில் இல்லை. கூடாது. அப்படியும் அடங்காவிட்டால் ரிச்சி தெருவில் 250கே பாட் கேட்க வேண்டும். "லாகா, லீனியரா சார்?" என்பார் கடைக்காரர். லாக்தான். லீனியர் போட்டால் அரசாங்கக் கோப்பு மாதிரி, முக்கால்வாசித் தூரம் குறைத்தும் ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. கடைசியில் எல்லாம் ஒரேயடியாக விழும்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல், அடுத்தது ஜாக் மேல். இரண்டும் மலிவான சாமான் என்பதாலேயே கிட்டார்காரர்கள் அவற்றை மதிப்பதில்லை. நேரே புது ஆம்ப்ளிஃபையர் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். சுருதி சேர்க்கையில் 'டிக்' என்று கம்பி துள்ளினால், கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் நட்டின் பள்ளத்தில் பென்சிலால் தீற்றினால் போதும். பென்சில் பையனுடையது, ஜாமெட்ரி பாக்ஸ் பக்கத்திலேயே இருக்கும்.

ஆனால் இந்த 'ம்ம்ம்' இருக்கிறதே, அதற்குப் பென்சில் பத்தாது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி. தந்தியின் அதிர்வோடு சுவருக்குள் ஓடும் கரண்டையும் சேர்த்தே கேட்கும். 1955-இல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகக் கோத்து இதற்கு முடிவு கட்டினார். அந்தச் செய்தி என் கிட்டாரைச் செய்தவரை எட்டவில்லை.

"மாப்பிள்ளை, அதை அணைக்காதீங்க. அஞ்சு கட்டை, கொஞ்சம் தூக்கலா நிக்குது" என்றார் மாமியார், பாட்டு வகுப்பு எடுத்தவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையின் அடி ஸ்தாயி 49. அமெரிக்காவில் 60. அது ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நட்டநடுவில் தொங்குகிறது. அந்த ஊர் கரண்டை வைத்துக்கொண்டு ஒரு கீர்த்தனை பாட முடியாது.

தந்தியைத் தொட்டால் ஹம் குறைகிறதா? ஒயரிங் சரி. தொட்டால் சுருக்கென்கிறதா? வாசிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டையைத் திறந்து பார்த்தவர், "இதுல ஒயரே வரலையே சார், சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்க" என்றார். எர்த் இழுத்தார். ஹம் பாதியாகக் குறைந்தது.

மாமியாருக்கு வருத்தம். இப்போதெல்லாம் பாட உட்கார்ந்தால், பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டைப் போட்டு, கிட்டாரை அதன் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறார்.