சுறா வாயைக் கட்டியவர்கள்

‘ஒன்றும் ஆபத்தில்லை, இறங்குங்கள்’ என்று உத்தரவாதம் கொடுத்துக் காசு பார்க்கும் தொழில் முத்துக்குளித்துறைக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே கொடுக்கிறார். அவர்தான் கடல்கட்டி. பின்னால் வந்த வெள்ளைக்காரத் துரைகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கையில்லை. ஆனாலும் கடல்கட்டி இல்லாமல் ஒருத்தனும் கடலில் குதிக்கமாட்டான் என்று தெரிந்ததும் அவருக்குப் படியளந்தார்கள். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். திருட்டுக் குளிப்பு நடக்காமலிருக்க ராத்திரியில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்!

ரத்னகிரிக்காரர்கள் வேண்டாமென்று விரட்டிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1997இல் இதே கரையிலுள்ள தூத்துக்குடியில் ஓட ஆரம்பித்தது. அந்த ஜூலையிலேயே பக்கத்து உலர்பூக் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள். 1998 நவம்பரில் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஆலையின் குறைகளை அடுக்கியது. ஐகோர்ட் ஆலையை மூடச் சொன்னது. பிறகு, ஓடவிட்டு மறுபடி பாருங்கள் என்றது. 1999 பிப்ரவரியில் அதே நீரி ‘பரவாயில்லை’ என்றது. மார்ச்சில் பக்கத்து ஆகாசவாணி நிலைய ஊழியர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. செய்தி சொல்ல வேண்டியவர்களே செய்தியாகிவிட்டார்கள்.

தாமிரத்தை உருக்கும்போது வரும் கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழலைச் சுருக்கும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. உடல் எடைக்குப் பார்த்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். இளைப்பு உள்ள பிள்ளைக்குப் பாடு இன்னும் அதிகம். சண்டையெல்லாம் ‘எவன் வீட்டுப் புகை?’ என்பதில்தான். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 2006-07இல் ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டரில் வீடுவீடாகப் போய், 13.9 சதவீதம் பேருக்கு மூச்சு நோய் என்று கண்டது. நியாயமாகப் பார்த்தால், அந்த எண் மட்டும் எந்தப் புகைபோக்கியையும் கைகாட்டாது. ஊரில் அனல்மின் நிலையமும் உண்டு, லாரிகளும் உண்டு. ஆலை ஓடிப் பத்து வருஷம் கழித்து எண்ண ஆரம்பித்தால், முன்னே எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிக்கு இந்தக் கதி இருந்ததில்லை. குளிப்பு அறிவிக்கும் முன்பே கடலடிச் சிப்பிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை அள்ளி, அழுகவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவி, கிடைத்த முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து விலை மதிப்பார்கள். தேறாது என்றால் குளிப்பே கிடையாது.

2013 மார்ச் 23, விடிகாலை. கடல்கட்டி இன்னும் மந்திரம் கட்டாத நேரம் போலும். ஊரே கண்ணெரிந்து இருமியது. ஆலைப் புகைபோக்கியின் மீட்டரும் எகிறியிருந்தது. கம்பெனி என்ன சொன்னது? கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் வந்த அளவு அது. ஆக, இருமியது ஊர், கோளாறு மீட்டருக்கு. அதற்காக மூடப்பட்ட ஆலையைப் பசுமைத் தீர்ப்பாயம் இரண்டே மாதத்தில் திறக்கவிட்டது.

ஆலையை எதிர்த்த போராட்டத்தில், 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதில் கேலி செய்ய எதுவுமில்லை. மே 28இல் அரசு ஆலையைப் பூட்டியது. கம்பெனியின் கடைசி மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2024 பிப்ரவரி 29இல். ஆண்டுவிழா கொண்டாட நினைக்கிறவர்கள் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பந்தல் போட முடியும்.