ஈயக் கிடங்கு தரிசனம்

பேராக்கின் லகாட் ஊர்த் தம்பதியர் இப்போது ‘ஹைக்கிங்’ போகிறார்கள். நமக்கு ஏது கோடை, ஏது குளிர். பள்ளி விடுமுறைதான் பருவம். லுமுட்டில் காரை நிறுத்தி, ஃபெரி பிடித்து, பங்கோர் மலையேற விலையுயர்ந்த காலணி. பாட்டி விடியுமுன் நெற்றி விளக்கும் பால் வாளியுமாகத் ரப்பர் தோட்டத்து மேடு ஏறினார். அதற்குப் பேர் வேலை, கூலியும் கொடுத்தார்கள்.

இறங்கியதும் தெலுக் கெடோங் டச்சுக் கோட்டை. 1670இல் கட்டியது, பேராக் ஈயத்தைச் சேர்த்துவைக்க. ஈயலம்பக் குட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள், கூரையில்லாத ஈயக் கிடங்கைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து நிற்கிறார்கள்.

“ஏங்க, உள்ள ஒண்ணுமே இல்லையே?”

“அதான் எடுத்துட்டுப் போயிட்டானே.”

பங்கோர் 2020 முதல் தீர்வையில்லாத் தீவு. சாக்லேட்டுக் கடையை நோக்கிக் கணவர் நடந்த வேகம் மலையில் காணாதது.