நெடுவல் டீச்சரும் 45 அங்குலமும்

மட்டக்களப்புப் புளியந்தீவில் நெடுவல் டீச்சர் இல்லாத பாடசாலை இல்லை. பெயர் மாறும், பாடம் மாறும். உயரம் மட்டும் 5 அடி 10 அங்குலத்துக்குக் குறையாது. சதை என்று சொல்லிக்கொள்ள உடம்பில் அதிகம் இராது. தோள், முழங்கை, இடுப்பு என்று எலும்பு திரும்புகிற இடமெல்லாம் ஒரு மூலை. காறையெலும்பு முதலில் வகுப்பறைக்குள் வரும். டீச்சர் பின்னால் வருவார்.

'நெடுவல்' என்பதை யாரும் மரியாதைக் குறைவாகச் சொல்வதில்லை. அது ஊரின் விலாச முறை. ஒரே பெயரில் மூன்று டீச்சர்மார் இருந்தால் ஒருவர் கணக்கு, ஒருவர் கண்ணாடி, ஒருவர் நெடுவல். தபால்காரருக்கும் அது போதும்.

அவருடைய துணிப் பஞ்சம் படிக்கிற காலத்திலேயே தொடங்கிவிட்டது. அரசாங்கம் மாணவர்களுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது 1993இல். நல்ல திட்டம், ஒரு குறைதான். வகுப்பைப் பார்த்துத் துணி வெட்டுகிறார்கள், பிள்ளையைப் பார்த்து அல்ல. எட்டாம் வகுப்புத் துணியால் உயர்தர வகுப்பு உயரத்தை மூட வேண்டிய தாய், கடையில் அரை யார் வெள்ளைத் துணி சேர்த்து வாங்கி, விளிம்பை நாலு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பார். தவணைக்குத் தவணை ஒரு மடிப்பு அவிழும். நீலம் போட்டுத் தோய்த்த சட்டையில் பழைய மடிப்பின் தழும்புகள் அப்படியே நிற்கும். மரத்தை அறுத்து வளையம் எண்ணுவது போல, சட்டை விளிம்பைப் பார்த்தே பிள்ளை எத்தனை தவணை வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த வயதில் ஊரிடம் இருந்த பகிடி மூன்றே மூன்று. "மேல மழை பெய்யுதா?" முதலாவது. "கொக்கத்தடி வேணாம், இவவக் கூட்டிட்டுப் போனா மாங்கா பறிக்கலாம்" இரண்டாவது. மூன்றாவது பெரியவர்களுடையது: "சூறாவளிக்குத் தப்பின தென்னை ஒண்டு இஞ்ச நிக்குது கா." 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களை முறித்துப் போட்டபோது டீச்சர் பிறக்கவே இல்லை. பகிடிக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

வேலை கிடைத்ததும் சேலை வந்தது. சேலைக்குத் தையல் வேண்டாம், எந்த உடம்புக்கும் பொருந்தும் என்று எழுதுகிறவர்கள் அதன் அகலத்தை ஒரு நாளும் அளந்திருக்க மாட்டார்கள். நீளத்தில் சேலை வள்ளல், ஐந்தரை மீற்றர். அகலத்தில் கருமி, கடைகளில் தொங்கும் விசைத்தறிச் சேலை பெரும்பாலும் 44, 45 அங்குலம்தான். 5 அடி 2 அங்குலப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து நிலம் ஏறக்குறைய 38 அங்குலம். உள்ளே சொருக ஏழு அங்குலம் மிஞ்சும். நெடுவல் டீச்சருக்கு அதே தூரம் 43. மிஞ்சுவது இரண்டு. இரண்டு அங்குலத்தில் சொருகிய சேலை இரண்டாம் பாடம் முடிய முன்னே கழன்று கைக்கு வந்துவிடும். ஆகவே டீச்சர் நாலு அங்குலம் சொருகுகிறார். கீழே கணுக்கால் காற்று வாங்குகிறது. ரெடிமேட் உள்பாவாடை அதற்கும் நாலு விரல் மேலே நின்றுவிடுவதால், சேலையாவது இவ்வளவு தூரம் வந்ததே என்று ஆறுதல்பட வேண்டியதுதான்.

கீழே இப்படி இழுபறி என்றால் முன்னால் வேறு கூத்து. மெலிந்த இடுப்பைச் சுற்ற அதிகம் துணி போகாது. மற்ற டீச்சர்மாருக்கு ஆறு கொய்யகம் வருகிற இடத்தில் இவருக்குப் பத்து வரும். பத்தும் சேர்ந்து வயிற்றின்மேல் பொட்டலமாக உட்கார்ந்துகொள்ளும். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையை விட்டு இலகுவான உடையில் பாடசாலைக்குப் போனது நாடு முழுக்கப் பேச்சானது. பண்பாடு, ஒழுக்கம், பணச் செலவு என்று இரு பக்கமும் வாதாடினார்கள். அகலம் போதாது என்ற நியாயத்தை மட்டும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

போதாததற்குக் காற்று. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் வீசத் தொடங்கும். ஆவணி வரை காய்ந்து, சுட்டு, மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். புளியந்தீவோ வாவிக்குள் கிடக்கிற ஊர்; வெளியே போனால் ஏதாவது ஒரு பாலம் குறுக்கே வரும். கல்லடியில் பழைய லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம் நல்ல அகலம். காற்றும் அகலமாகவே வருகிறது. ஷிபோன் சேலையோடு அதில் நடந்தால் துணி உடம்போடு ஒட்டி, அதுவரை ஊர் ஊகித்து வைத்திருந்த எலும்புகளை எல்லாம் உறுதிப்படுத்திவிடும். முந்தானை மறு கரைக்கு முன்னதாகவே போய்ச் சேரும்.

இந்தக் கட்டத்தில்தான் ஆலோசகர்கள் வருவார்கள். பக்கத்து வீட்டு மாமி முதலாவது.

"மகள், நெட்டுக்கோட்டுச் சேலை உடாதீங்க கா, இன்னும் ஒசத்திக் காட்டும். குறுக்குக்கோடு உடுங்க, ஆளைக் குட்டையாக் காட்டும்."

மாமி மட்டுமல்ல, உலகம் முழுக்க அழகுக் குறிப்பு எழுதுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே இதற்கு நேர்மாறாக எழுதி வைத்துவிட்டார். ஒரே அளவான இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றதை நெடுங்கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோட்டுச் சதுரம்தான் கண்ணுக்கு உயரமாகத் தெரியும். பெண்களின் சட்டையிலும் அப்படியே என்று அவரே சேர்த்துச் சொன்னார். பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பீற்றர் தொம்சனும் கிரியாக்கி மிக்கெலிடூவும் உருவப் படங்களை வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பக்கமே நின்றது. நெடுங்கோடு ஆளை மெலிய வைக்காது. டீச்சர் மாமியின் பேச்சைக் கேட்டு வாங்கிய குறுக்குக்கோட்டுச் சேலை நான்கு. நான்கையும் உடுத்த நாட்களில் மழை பற்றிய விசாரணை கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டாவது ஆலோசகர் தையல் அக்கா. அவரிடம் இருப்பது சிக்கலின் மறு பாதி. தையல் நாடாவின் மொத்த நீளம் 60 அங்குலம், டீச்சர் 70. தோளிலிருந்து பாதம் வரை ஒரு கவுணுக்கு அளந்தால் நாடா முடிகிற இடத்தில்தான் விளிம்பு மடிப்பு தொடங்கும். "டீச்சர், கொஞ்சம் குனியுங்க" என்று சொல்லி அளப்பார். குனிந்து நிற்கும்போது எடுத்த அளவுக்கே தைத்தும் கொடுப்பார். முழுக்கை என்று சொன்ன சல்வார் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். கைக்கு வந்த பிறகு, "இப்ப இதான் பாஷன்" என்பார்.

ஆனால் தையல் அக்கா ஒரு காரியத்தில் கெட்டி. கழுத்து. காறையெலும்பை மறைக்க வேண்டும் என்று டீச்சர் காலருக்கும் சால்வைக்கும் அலைந்தபோது, தோளிலிருந்து தோளுக்கு நேர்கோடாக வெட்டிய 'போட் நெக்' பிளவுஸ் ஒன்றைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதற்கு ஹொலிவூட்டிலே பூர்வீகம் உண்டு. 1954இல் வந்த 'சப்ரினா' படத்தில் ஒட்றி ஹெப்பேர்னுக்கு ஜிவோன்ஷி அமைத்த கழுத்து அது. நெடிய, மெலிந்த, எலும்பெடுப்பான அந்த நடிகையின் காறையெலும்புப் பள்ளத்தை அது மறைத்தது, தோளை மறைக்கவில்லை. தையல் அக்காவுக்கு ஹெப்பேர்னைத் தெரியாது. துணி வீணாகாத வெட்டு என்பதால் அவருக்குப் பிடிக்கும்.

மூன்றாவது ஆலோசகர் தரகர். அவருடைய அறிவுரை உடை பற்றியதே அல்ல. "புள்ளைய இருக்க வச்சிருங்க. அவங்க போகுமட்டும் எழும்ப விடாதீங்க." சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்து முடித்த பிறகு, பேச்சில் வராத பதினோராவது பொருத்தம் உயரம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகளின் தலை இடிக்கக் கூடாதென்று தகப்பன் கதவு நிலையை உயர்த்திக் கட்டியிருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அந்த நிலையை அண்ணாந்து பார்த்ததுமே, இருத்தி வைத்த தந்திரம் உடைந்துவிட்டது. கடைசியில் 5 அடி 6 அங்குல மாப்பிள்ளை ஒருவர் எதையும் அண்ணாந்து பார்க்காமல் நேரே உள்ளே வந்து தேநீர் கேட்டார். கலியாண அல்பத்தில் பெண் கதிரையில் இருக்கிறார், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். ஒரு படத்திலாவது இருவரும் சேர்ந்து நிற்கவில்லை. படப்பிடிப்பாளர் தொழில் தெரிந்தவர்.

இதே உயரம் ஆண்பிள்ளைக்கு வாய்த்திருந்தால் கதையே வேறு. அமெரிக்க யேசுசபைக் குருமார் வளர்த்துவிட்ட விளையாட்டு மரபு புளியந்தீவுக்கு உண்டு; வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான வெபர் அடிகளின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பையன் நெட்டையாக வளர்ந்தால், "புனித மிக்கேல் கல்லூரிக் கூடைப்பந்துக்குப் போடுங்க" என்பார்கள். பெண் வளர்ந்தால் "வளர்த்தியக் குறைக்கிறதுக்கு ஏதும் மருந்திருக்கா?" என்பார்கள். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் இருந்து வந்த, 208 சென்ரிமீற்றர் உயரமான தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காகக் கோல் போட்டு, அந்த அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோதுதான் இந்தப் பேச்சு கொஞ்சம் தணிந்தது. "நீங்க நெற்போல் ஆடுறதா டீச்சர்?" என்று இப்போது கேட்கிறார்கள். டீச்சர் கற்பிப்பது சங்கீதம்.

முப்பத்தைந்து வயதளவில் நெடுவல் டீச்சரிடம் ஒரு மாற்றம் வரும். ஒளிப்பதை விட்டுவிடுவார். கூனல் நிமிரும். மருதமுனைக் கைத்தறிச் சேலை அலுமாரிக்குள் வரும். கல்முனைக்கு வடக்கே இருக்கிற அந்த நெசவூரில் நேரே போய், விரித்து, அளந்து, 47, 48 அங்குல அகலத்தில் கிடைத்தால் மட்டும் வாங்குவார். கஞ்சி போட்ட பருத்தி உடம்பில் ஒட்டாது, தள்ளி நிற்கும். கச்சான் அடித்தாலும் எலும்புக் கணக்கு வெளியே வராது. அகலமான கரை, உடலுக்கு ஒரு நிறம், முந்தானைக்கு இன்னொரு நிறம் என்று எடுத்தால், தலையிலிருந்து கால்வரை ஒரே ஓட்டமாக ஓடும் பார்வை நாலு இடத்தில் நின்று போகும். கொய்யகத்தைக் கையகலமாக எடுத்து ஐந்தோடு நிறுத்துவார். மிச்சத் துணி முந்தானைக்குப் போய் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அந்த நீள முந்தானை குள்ளமானவர்களுக்கு எடுபடாது. சேலைக் கடைப் பொம்மைகளை ஏன் அவ்வளவு உயரமாகச் செய்கிறார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்குப் பிடிபடும். கை முக்கால்தான் என்று முதலிலேயே சொல்லித் தைத்துவிட்டால், 'கட்டையாகப் போயிற்று' என்ற பேச்சுக்கு இடமில்லை. செருப்பு மட்டும் இன்னும் தீராத வழக்கு. பெண்கள் பக்கத்தில் அவர் அளவு இல்லை, ஆண்கள் பக்கத்தில் எடுத்த பாட்டா ஒன்றோடுதான் சந்தைக்குப் போகிறார்.

உயரமானவர்களுக்குத் தாராளமாகத் துணி வெட்டிய தையற்காரர் உலகில் ஒருவராவது இருந்திருக்கிறார் என்பதையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும். 1975இல் வந்த 'தீவார்' படப்பிடிப்பில் அமிதாப் பச்சனுக்குத் தைத்து வந்த நீலச் சேட்டு முழங்காலுக்கும் கீழே இறங்கியதாம். மாற்றுச் சேட்டுக்கு நேரமில்லை. இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நடித்தேன் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த முடிச்சு ஒரு தலைமுறையின் பாஷன் ஆனது. நெடுவல் டீச்சருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அந்தத் தையற்காரரின் விலாசம் கிடைக்குமா என்பதே அவருடைய ஒரே கேள்வி.

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் அவரை எளிதாகக் காணலாம். அந்தச் சனத்திரளில் பிள்ளையைத் தொலைத்த தாயும் மனிசியைத் தொலைத்த மனிசனும் கடைசியில் வந்து சேருகிற இடம் அவர்தான். "மஞ்சச் சேல டீச்சரடிக்கு வாங்க" என்று தொலைபேசியில் வழி சொல்கிறார்கள். அதற்காகவே அன்றைக்கு எடுப்பான நிறமாகப் பார்த்து உடுத்துகிறார்.

புடவைக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலைச் சீட்டில் விலையையும் நீளத்தையும் அச்சடிக்கிறீர்கள், அகலத்தையும் அச்சடியுங்கள். தையல் அக்காமாரும் விளிம்பில் மூன்று அங்குலம் விட்டுத் தையுங்கள், வெட்டி எறியாதீர்கள். அதுவரை, கைப்பையில் அளவு நாடாவோடு கடைக்குள் வருகிற உயரமான டீச்சர் யாராவது சேலையைக் குறுக்கே விரிக்கச் சொன்னால், சிரிக்காமல் விரித்துக் காட்டுங்கள்.