எட்டாயிரம் கெல்வின் அண்ணன்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் தெருவுக்கு ஒரு லைட் அண்ணன் இருப்பார். வாரத்தில் ஆறு நாள் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர். கார் வீட்டு வாசலில் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமியார் வீட்டுக்கோ கம்மசந்திரா கோடிலிங்கம் கோயிலுக்கோ போய்வரும். இரவில் வேலையே இல்லாத அந்தப் பழைய ஆல்டோவுக்குத்தான், ஊரிலேயே பிரகாசமான ஹெட்லைட் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டால் பரம்பரையை இழுப்பார். "எங்க தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல தலையில லைட்டு மாட்டிக்கினு கீழ இறங்கினவரு. சிவசமுத்திரத்துலேருந்து 1902-லயே நம்மூரு மைன்ஸுக்குக் கரண்ட் வந்துட்ச்சு. பெங்களூருக்கு 1905-லதான்பா! வெளிச்சம்னா இன்னான்னு நம்மகிட்டயா சொல்ற?" வரலாறு சரிதான். அதற்கும் ஆல்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. கேட்டால் பானெட்டைத் திறந்துவிடுவார்.

முதலில் கம்பெனி போட்ட ஹாலஜன் இருந்தது. எச்4 பல்பு, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. "மெழுகுவத்தி" என்று தள்ளிவிட்டார். அடுத்து 100/90 வாட். அதை மாட்டும்போது பார்க்க வேண்டும்: கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அந்த இடம் சூடேறி பல்பு போய்விடும் என்று டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கற்பூரத் தட்டை ஏந்தும் பூசாரி மாதிரி மூச்சடக்கிக் கொண்டுவருவார். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. கூடவே ஹோல்டரும் உருகியது. கம்பெனி வயர் 60 வாட்டுக்கு இழுத்தது. ரிலே வைத்து பேட்டரியிலிருந்து தனி வயர் போட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். "அதுக்கு எச்.ஐ.டி.யே போட்டுடலாம்" என்றார் அண்ணன்.

இங்கே அவரை முழு முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. எச்.ஐ.டி.யில் டங்ஸ்டன் இழை கிடையாது. செனான் வாயுவுக்குள் மின்பொறி எரிகிறது. பற்றவைக்கவே 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த வேலைக்கு பேலஸ்ட் என்று ஒரு பெட்டி. பற்றிய பிறகு 35 வாட்தான் குடிக்கும். ஆனால் 55 வாட் ஹாலஜன் டிம்மில் தருவது சுமார் 1,000 லூமென் என்றால், இது 3,000 தரும். 1991-லேயே பி.எம்.டபிள்யூ. இதைத் தன் பெரிய காரில் வைத்துவிட்டது. இந்தக் கணக்கையெல்லாம் அண்ணன் தூக்கத்திலும் ஒப்பிப்பார்.

கோட்டை விட்டது கடையில்தான். "4,300 கெல்வின் போதும்ணா" என்றார் கடைக்காரர். "8,000 இருக்கா?" என்றார் அண்ணன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. 4,300-ஐத் தாண்டி நம்பர் ஏற ஏற நீலம் கூடும், ரோட்டில் விழும் வெளிச்சம் குறையும். மழை பெய்து தார் நனைந்துவிட்டால் அந்த நீலத்தில் பள்ளமும் தெரியாது, எருமையும் தெரியாது. பெரிய நம்பரில் மயங்குகிறவன் எட்டாயிரத்தை விடுவானா!

அன்று ராத்திரியே பங்காருப்பேட்டை ரோட்டில் சோதனை ஓட்டம். எச்4 ஹாலஜனில் டிம் இழைக்கு அடியில் சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். ரிஃப்ளெக்டரையும் அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் வளைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் எச்.ஐ.டி.யைச் சொருகினால் கணக்கு கலைந்து, வெளிச்சம் தோன்றிய பக்கமெல்லாம் தெறிக்கும். வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் முதுகு தெரிந்தது. ரோடு மட்டும் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அண்ணி, "ஏங்க, காக்கா கூடெல்லாம் தெரியுது, ஸ்பீட் பிரேக்கர் எங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் கார் அதன்மேல் ஏறி இறங்கியது.

புரொஜெக்டர் லென்ஸ் மாதிரி, எச்.ஐ.டி.க்கென்றே செய்த விளக்கில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் செலவுக்கு அண்ணியின் வளையல் போக வேண்டும். சட்டமும் இவர் பக்கம் இல்லை: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போட்டு, ரிலே வைத்து, அதே 60/55 ஹாலஜனை மாட்டி, சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி மட்டம் பார்த்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். நானும் அவர் கட்சிதான். ஆனால் அதில் அண்ணனுக்கு என்ன பெருமை?

எனவே, அண்ணன் மறுபடி சோதனை ஓட்டம் கிளம்பும் ராத்திரியில் பங்காருப்பேட்டை ரோட்டில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரே நீலமாக ஒன்று வந்தால் அதைப் பார்க்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். கோபத்தில் லைட்டை மட்டும் அடித்துக் காட்டிவிடாதீர்கள். எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்கிறீர்களாக்கும் என நினைத்து, அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார்.