நிறையாத தொட்டி

வா மருமவனே, உக்காரு. பட்டிபுலத்துல கடலப் பாத்தாப்புல மாடி வீடு கட்டி, ரூம் ரூமா வாடகைக்கு உட்டிருக்கியாமே. உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கினு வருது. எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது உன் செப்டிக் டேங்க்தான். கட்டுன நாளா ஒரு தபா கூட லாரி கூப்பிடலன்னு நேத்து பந்தியில அம்மாம் பெருமையா சொன்னியே! சனி ஞாயிறுன்னா வீடு கொள்ளாத கூட்டம் வருது, தொட்டி மட்டும் நிறைய மாட்டேங்குது. ராசியான தொட்டி.

அடியில பூச வேணாம்னு சொல்லிட்டன்னு மேஸ்திரி எங்கிட்ட சொன்னான். நல்ல காரியம். சிமென்ட் மிச்சம். அந்தக் காசுல மாமல்லபுரத்துல ரெண்டு கல்லு சிங்கம் வாங்கி வாசல்ல வச்சிட்ட.

மண்ணு குடிச்சிடும்னு நெனச்சியா? உன் பக்கம் எங்க ஏரிக்கரைக் களிமண்ணு இல்ல, கடல் மணலு. கொஞ்சம் தோண்டுனா தண்ணி. உப்புத்தண்ணி மேல நல்ல தண்ணி மெலிசா நிக்கிற பூமி அது. தொட்டியில எறங்கறது நேரா அதுலதான் போய் சேரும். கெணத்துக்கும் கழிவு எறங்கற குழிக்கும் நடுவுல அறுபது அடியாவது உடணும்னு இன்ஜினீயருங்க சொல்வாங்க. உன் மனையே மொத்தம் நாப்பதடி. பக்கத்து வூட்டுக் கெணத்துக்கு நீதான் ஊத்து. தர்மப்பிரபு!

உனக்கு வெள்ளக்காரன் சொன்னாத்தான் வேதம். 1854ல லண்டன் பிராட் தெருவுல காலரா வந்து, சுத்துவட்டாரத்துல 600 பேருக்கு மேல செத்தாங்க. ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டரு செத்தவங்க வூடு வூடா விசாரிச்சி, அடிபம்புத் தண்ணிதான் காரணம்னாரு. கைப்புடியக் கழட்டுனாங்க. பெறவு தோண்டிப் பாத்தா, கெணத்துக்கு மூணடி தள்ளி ஒரு வூட்டு மலக்குழி ஒழுகிக்கினு இருக்குது. அந்த வூட்டுக்காரனும் குழி நிறையலன்னு பந்தியில சொல்லியிருப்பான்.

அம்மாந்தூரம் எதுக்கு? 2024 டிசம்பர்ல நம்ம மாவட்டத்துப் பல்லாவரம் பக்கமே வாந்தி பேதின்னு சனம் ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு. குழாயில சாக்கடை கலந்துடுச்சுன்னு தெருக்காரங்க சொன்னாங்க, இல்லன்னு மந்திரி சொன்னாரு. நான் அதுக்குப் பஞ்சாயத்து பண்ண வரல. வயித்துக்குக் கட்சி தெரியாது.

ஒழுங்கா பூசுன தொட்டியே முழுசா சுத்தம் பண்ணாது, தெரிஞ்சிக்க. வண்டல அடியில தங்க உடும், அவ்ளோதான். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா அத எடுத்தாவணும். 2014லயே சர்க்காரு நெறிமுறை போட்டாச்சு. எடுத்தத எங்க கொட்டறதுன்னு கேக்கற. ஞாயந்தான், ராவுல ஏரியில கொட்டிட்டுப் போற லாரியும் உண்டு.

எங்க மதுராந்தகம் பக்கம் கருங்குழிக்கு வந்து பாரு. தமிழ்நாட்டுல மொத மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம், 2017ல வந்தது. நாளைக்கு 23,000 லிட்டரு வாங்கும். துணி, பிளாஸ்டிக்க வடிகட்டிட்டு, மிச்சத்தப் படுக்கையில பரப்பி வெயில்ல காய வக்கறாங்க. வடியற தண்ணியத் தனியா சுத்தம் பண்றாங்க. குடல் புழு முட்ட லேசுல சாவாது, அதுக்கு வெயிலும் வேணும், நாளும் வேணும். காஞ்சது எருவாவும்.

உனக்கு வடக்கால நெம்மேலியில 2013லேருந்து கடல் தண்ணியில உப்ப எடுத்து சென்னைக்காரனுக்குக் குடிக்கக் குடுக்கறாங்க. கோடிக்கணக்குல செலவு. நீ பைசா செலவில்லாம குடிதண்ணிய சாக்கடையாக்கற. கெட்டிக்காரன்.

போய் தொட்டிக்கு அடி பூசு. அதுக்கு முன்னாடி கழிவ அள்ள ஆள மட்டும் உள்ள எறக்கிடாத. பாதுகாப்பு இல்லாம எறக்குனா, கையால மலம் அள்ளத் தடை போட்ட 2013 சட்டத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, எறங்குனவன் வெசவாயுல போயிடுவான். லைசென்ஸ் வச்சிருக்கற லாரியாப் பாத்துக் கூப்பிடு. சுத்திகரிப்பு நிலையத்துல கொட்டுனதுக்கு சீட்டு காட்டுன பெறவு காச குடு.