ஆட்சேபணை சார்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவின் எந்த லேஅவுட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. வாசல் பலகையில் என்ன பெயர் இருந்தாலும் தெருவுக்கு அவர் 'ஆட்சேபணை சார்'தான். கிருஷ்ணகிரிப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ சொந்த ஊர். தொழிற்பேட்டையில் காலமெல்லாம் ஷிப்டு பார்த்து, முப்பதுக்கு நாற்பது ஸைட் ஒன்றில் வீடு எழுப்பி, ஓய்வு பெற்ற மறுநாளே ஊர் நிலத்தை ஆராயத் தொடங்கியவர். கன்னடம் பேச அவருக்குக் கற்றுக்கொடுத்தது கம்பெனி பஸ்; படிக்கக் கற்றுக்கொடுத்தது பத்திரிகையில் வரும் பொது அறிவிப்பு. வீட்டார் அரசியலையும் கிரிக்கெட்டையும் பங்கு போட்டுக்கொள்ள, இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொடி எழுத்துப் பக்கத்தில் இறங்குவார். எந்த சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், எத்தனை குண்டே, எதிலிருந்து எதற்கு மாற்றம் என்று கோடு போட்டுக் கோடு போட்டுப் படிப்பார். மனிதர்களைக்கூட அவர் சர்வே நம்பரால்தான் நினைவில் வைத்திருப்பார். 'நாற்பத்தேழு பை மூணுக்காரர் பையனுக்குக் கல்யாணமாம்' என்றால் வீட்டம்மாவுக்குப் புரிந்துவிடும். நில உபயோக வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை. மஞ்சளில் தூங்கி, ஊதாவில் உழைத்து, நீலத்தில் கடன் வாங்கி, பச்சையில் நாலு சுற்று நடக்க ஆசைப்பட்டு, அந்தப் பச்சை எங்கே என்று தேடப் போனதுதான் அவருடைய பொதுவாழ்வின் தொடக்கம்.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஏரியோரத்தில் யாராவது மண் கொட்டினால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். பக்கத்து மனையில் ஐந்து மாடி பி.ஜி. எழும்பினால் மாடிக்கு ஒரு மனுவாக ஐந்து எழுதுவார். எந்த மனு எந்தக் கவுன்டருக்கு என்பது அவர் மட்டுமே தேறிய பாடம். சாக்கடையும் குப்பையும் புரசபை என்னும் நகராட்சிக்கு, லேஅவுட் ஆனேக்கல் திட்ட ஆணையத்துக்கு, தொழிற்பேட்டை கே.ஐ.ஏ.டி.பி.க்கு, கழிவுநீரின் நாற்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஓசூர் ரோடு தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுக்கு, தலைக்கு மேல் ஓடும் ரயில் மெட்ரோ நிறுவனத்துக்கு. 2025 செப்டம்பரில் பெங்களூரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் பொம்மசந்திரா அவற்றில் எதற்குள்ளும் வரவில்லை. ஆகவே ஆனேக்கல் பஸ்ஸிலேயே அவருடைய பென்ஷனில் ஒரு பகுதி கரைகிறது. போன இடத்தில் கிடைக்கும் பதில் 'நோடோணா சார்', அதாவது 'பார்க்கலாம் சார்'. அதற்கு மேல் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்ப் விழுந்த நகலை அவர் கல்யாண ஆல்பத்தைவிட பத்திரமாக வைத்திருப்பார். எல்லாம் வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கைக்கு வசனம் எழுதியது அவர் அல்லர், சட்டம் என்பதே என் கட்சி.

கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டம் 1961-ல் வந்தது. அதன் 14-ஏ பிரிவின்படி ஒரு நிலத்தின் உபயோகத்தை மாற்றுவதென்றால் அந்தப் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் அறிவித்து, பொதுமக்களின் ஆட்சேபணைக்குக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். முழு மாஸ்டர் பிளான் என்றால் 60 நாள். அதுவும் அரசு தற்காலிக ஒப்புதல் கொடுத்த பிறகு. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதானால் 1966-ன் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் நிலத்துக்காரர்களுக்கு 30 நாள். மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எங்கே பூங்கா வேண்டும், எந்தத் தெரு அகலமாக வேண்டும், லாரி எந்த வழியாகப் போகட்டும் என்று ஊரை முன்னாலேயே உட்காரவைத்துக் கேட்கும் கட்டாயம் எதிலும் இல்லை. பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு, சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கிற உபசாரம் இது. அப்போது விருந்தாளி என்ன சொல்ல முடியும்? குறைதான் சொல்ல முடியும். பிறகு 'இந்த ஆளுக்குக் குறை சொல்வதே தொழில்' என்று அவருக்கே பட்டம் கட்டுகிறோம்.

கேட்டதற்குப் பதில் வந்தபோது என்ன நடந்தது என்பதற்குப் பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. 2031-க்கான மாஸ்டர் பிளான் வரைவை பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. 2017 நவம்பரில் வெளியிட்டது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் ஆட்சேபணைகளும் யோசனைகளும் குவிந்தன. நகரமெங்கும் எத்தனை ஆட்சேபணை சார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2020-ல் அரசு அந்த வரைவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2007-ல் ஒப்புதல் பெற்று, 2015-ல் ஆயுள் முடிய வேண்டிய பழைய திட்டமே தொடர்ந்து ஆட்சி செய்தது. பதின்மூன்றாயிரம் பேரின் ஜெராக்ஸ் செலவுக்குக் கணக்கு கிடையாது. ஏரிக்கரை விதியும் இதே சீர்தான். ஏரியைச் சுற்றி 30 மீட்டர் விட்டால் போதும் என்றது அந்த 2007 திட்டம். பெங்களூருக்கு 75 மீட்டர் வேண்டும் என்றது பசுமைத் தீர்ப்பாயம், 2016 மே மாதத்தில். அந்த உத்தரவு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2019 மார்ச்சில். அசையாமல் கிடந்த ஒரே மனை கட்டக்கூடாத இடமாகி, மறுபடி கட்டக்கூடிய இடமானது. இந்த மூன்று வருஷத்தில் ஒரு சாமானியர் ஏரி மனையைப் பற்றி மனு எழுதிக்கொண்டே இருந்தாரென்றால், குழப்பம் அவர் மண்டையில் இருந்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'எல்லாம் சுயநலம் சார்' என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பினால் விதி பேசுகிற இவரே மழைநீர் போக விட வேண்டிய சந்தில் பாத்ரூம் கட்டியிருக்கிறார் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அந்த பாத்ரூமுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் பாதிக்கப்படுகிறவன் பேசினால் சுயநலம், பாதிக்கப்படாதவன் பேசினால் 'உனக்கென்ன சம்பந்தம்' என்றால் பேசுவதற்கு ஆளே மிஞ்சாது. 'நீவு யாரு சார்?' என்ற இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1991-லேயே பதில் சொல்லிவிட்டது. ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், தனியார் ஆஸ்பத்திரி கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். பூங்கா அந்தப் பகுதி மக்களுக்கானது, அது பறிபோனால் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவர்களும் தங்கள் பேட்டைப் பூங்காவுக்காகத்தான் போனார்கள். அந்தச் சுயநலத்தால் நாடு முழுவதற்கும் ஒரு நல்ல தீர்ப்பு கிடைத்தது.

'வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை' என்பது அடுத்த குற்றச்சாட்டு. மனுவைக் கண்டு எந்தப் புல்டோசரும் நின்றதாக வரலாறு இல்லை. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டபோது ஆட்சேபணை சார் மறியல் செய்யவில்லை; ஸ்மார்ட் கார்டே வாங்கியிருப்பார். காகிதத்தின் உண்மையான பலம் என்ன என்று தெரிய தேவனஹள்ளியைப் பார்க்கலாம். சன்னராயபட்டண ஹோப்ளியில் 13 கிராமங்களைத் தொட்டு 1,777 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுக்க முயன்றார்கள். விவசாயிகள் எழுத்திலும் தெருவிலும் எதிர்த்தார்கள். 2022-ல் தொடங்கிய போராட்டம் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடி, 2025 ஜூலை 15-ல் முதலமைச்சர் சித்தராமையா திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 30 நாளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியதற்கு மூன்று வருஷம் பிடித்தது. தாமதத்துக்குக் காரணம் ஆட்சேபித்தவர்கள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆனால் ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவரைத் தப்பவிட எனக்கு மனமில்லை. அவர் ஊருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சொத்துப் பதிவான காத்தா வைத்திருப்பவர்களுக்காகத்தான் பேசுகிறார். பொம்மசந்திராவை இயக்குகிறவர்களில் பெரும் பங்கு வாடகை அறைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரே அறையில் ஷிப்டு மாற்றிப் பாயைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் அடைத்தால் முதலில் தண்ணீர் ஏறுவது அவர்களுடைய தரைத்தள அறையில்தான். கன்னடப் பத்திரிகையின் மூலையில் வந்த அறிவிப்பு அவர்கள் கண்ணில் படாது. பட்டாலும் ஆட்சேபணை சாரே 'வாடகைக்காரங்களுக்கு என்னங்க தெரியும்' என்பார். சட்டமோ பொதுமக்கள் என்று மட்டும்தான் சொல்கிறது; பத்திரம் கேட்கவில்லை. அரசியல் சட்டமும் இங்கே கை கொடுப்பதில்லை. 243-எஸ் பிரிவு வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்குவது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளுக்கு. பொம்மசந்திரா புரசபை அந்த உயரத்தை எட்டாது. முன்னாலேயே கேட்பது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. 1996-ல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, கிராம சபையைக் கூட்டி முதலில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேயும் சண்டை வந்தது, வருகிறது; ஆனால் சண்டை வேலை தொடங்கும் முன்னால் வந்தது.

இங்கே சட்டம் மாறும்வரை நமக்கு வாய்த்தவர் ஆட்சேபணை சார்தான். ஆகவே சந்தாபுரம், ஹெப்பகோடி, பொம்மசந்திரா வாசகர்களுக்கு, முக்கியமாக வாடகை வீட்டு வாசகர்களுக்கு, ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பு வரும்போது அவர் வீட்டுக்கு நீங்களே போய் வரைபடத்தைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, லாரி எங்கே திரும்புகிறது என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தமிழில் சொல்லுங்கள், அவர் கன்னடத்தில் எழுதித் தருவார். கையெழுத்தை மட்டும் நீங்கள் போடுங்கள். பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நகலில் தேதியோடு ஸ்டாம்ப் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.