முதலில் 247 என்று மிரட்டுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, கோவை பவுண்டரியிலோ, உங்கள் தெருமுனை பேக்கரியிலோ வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பி ஒருவர், "அண்ணா, தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிட்டால் பதற வேண்டாம். அவர் பேசக் கற்பதை நம்மால் தடுக்க முடியாது. கொஞ்ச நாளில் "ஏனுங்க, சாப்பிட்டீங்களா" என்று நம்மையே விசாரிப்பார். எழுத்து அப்படியல்ல. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் இரண்டாம் வாரமே காணாமல் போய்விடுவார். முறை இதுதான்.

முதல் வகுப்பில் எழுத்தே வேண்டாம், கணக்குப் போதும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்று பெரிதாக எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். 216 என்பது பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கிய தொகை என்பதையும், துணைக்கால், கொம்பு, விலங்கு, சுழி என்று நாலைந்து உறுப்புகள் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும் என்பதையும் பற்றி மூச்சு விடாதீர்கள்.

சீனத்தைப் பாருங்கள். 2013இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட பட்டியலில் 8105 எழுத்துகள். முதல் நிலைக்கே 3500. இவ்வளவு பெரிய ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் தண்ணீர்ச் சங்கதி, ஆறாகவோ கடலாகவோ ஏரியாகவோ இருக்கும் என்று அயலாருக்கு வழி சொல்லிவிடுகிறார்கள். அந்த இளகின மனசு நமக்கு ஆகாது. 247ஐயும் ஒட்டுறவே இல்லாத 247 உருவங்களாக நடத்துங்கள். இரட்டைக் கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு இதைவிட நல்ல தாலாட்டு கிடையாது.

அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று மறந்தும் கேட்காதீர்கள். இது மிக முக்கியம். கேட்டால் சங்கடமான உண்மைகள் வெளியே வரும். ஒடியா எழுத்தும் வங்காள எழுத்தும் தமிழைப் போலவே பிராமியின் பிள்ளைகள். வாயில் பின்னால் வரும் ஏகாரத்தை எழுத்தில் முன்னால் போடுவதுதானே நம் கொம்பின் பெரிய மர்மம்? அந்த இரண்டு எழுத்திலும் அதற்கான குறி மெய்யின் இடப்பக்கம்தான் நிற்கிறது. கோ எழுதும்போது முன்னொன்றும் பின்னொன்றுமாக அணை போடுகிறோமே, அதையும் அவர் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டார். இந்தி படித்த பீகார்க்காரர் குறில் இகரத்தை எழுத்துக்கு முன்னால் போட்டுப் பழகியவர். அதாவது, வெள்ளைக்காரருக்கு ஒரு மாதம் எடுக்கும் விஷயம் இவருக்கு ஒரு சாயங்காலம். ஆகவே பென்சில் பிடிக்கவே தெரியாதவர் என்று வைத்துக்கொண்டு 'அணில்', 'ஆடு' படத்திலிருந்தே ஆரம்பியுங்கள். முப்பது வயது ஓவர்லாக் டெய்லருக்கு அணில் படம் கொடுத்தால் வெட்கத்திலேயே பாதிப் பாடம் கரைந்துவிடும்.

தெருவை நம்பாதீர்கள். நம் ஊர்ப் பலகைகள் நம் திட்டத்துக்கே எதிரி. 'பேக்கரி', 'டீ ஸ்டால்', 'செக்கிங் ஆட்கள் தேவை', 'பவர்டேபிள்' என்று தமிழ் எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதி வைத்திருக்கிறோம். அத்தனையும் அவர் தினம் காதால் கேட்கிற சொற்கள். ஒலி தெரிந்தவர் எழுத்தைப் பிடிக்க எத்தனை நேரம் ஆகும்? டவுன் பஸ் பலகை இன்னும் மோசம். காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் மூன்றையும் எழுத்துக்கூட்டிவிட்டால் பாதி நெடுங்கணக்கு கைக்கு வந்த மாதிரி. அவரைப் பலகை பக்கம் திரும்பவிடாமல் புத்தகத்தையே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் படித்துவிட்டால் வல்லினத்தை ஏவலாம். பஸ், பேக்கிங் இரண்டுக்கும் ஒரே ப. க ஒன்றே மூன்று விதமாய் ஒலிக்கும். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், தமிழ்ச் சொற்களில் அதற்கு ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கைச் சொல்லாமல் "போகப் போக வந்துரும் சாமி" என்று முடித்துக்கொள்ளுங்கள். கோவையின் பெருமையான பம்பு செட்டை அவர் எழுத்துக்கூட்டட்டும். பம்புக்கு ஒரு கால் சேர்த்தால் பாம்பு. வரைந்த பாம்புக்குக் கால் போட்டுக் கெடுத்தவன் கதை சீனர்களிடம் உண்டு. இங்கே கால் போட்டால்தான் பாம்பே.

வரலாறு கேட்டால் பேச்சை மாற்றுங்கள். எழுத்தை எளிதாக்கப் பார்த்த ஆட்கள் நம்ம பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் அசிங்கம். ஈரோட்டுப் பெரியார் 1935இல் 'குடி அரசு' பத்திரிகையிலேயே புது வடிவங்களை அச்சடித்தார். 1978இல் அரசாணை வந்து லை, ணை, றா, னா என்று 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு முந்தைய வளைவுகளைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் அப்பாரு எழுதிய வரவு செலவு நோட்டைப் புரட்டுங்கள். மாணவரைக் குழப்ப அருமையான சரக்கு. கரூர் வாங்கலாம்பாளையத்தில் பிறந்த வா.செ. குழந்தைசாமி இன்னும் ஒருபடி போய், கு, சு, மு, ரு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்குப் பொதுக் குறி வேண்டும் என்று பல காலம் வாதாடினார். உண்மையில் கற்பவர் தடுக்கி விழுகிற இடம் அதுதான். 2010 ஜூனில் கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த சமயம் இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. குவும் சுவும் அசையவில்லை. நமக்கு லாபம்.

வீரமாமுனிவர் பெயரை மட்டும் எடுக்கவே வேண்டாம். இத்தாலியிலிருந்து மதம் பரப்ப வந்து தமிழ் படித்தவர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் அவர்தான் என்பார்கள். வெளியூர்க்காரரை ரொம்பப் படிக்கவிட்டால் இப்படித்தான், நம் நோட்டையே திருத்த ஆரம்பித்துவிடுவார்.

இத்தனை அரணையும் தாண்டி அந்தத் தம்பி ஒருநாள், "அண்ணா நாளைக்கு லீவு வேணும்" என்று வாட்ஸ்அப்பில் தமிழ் எழுத்திலேயே அனுப்பிவிடக்கூடும். கடைசி அஸ்திரம் உங்கள் கையில் இருக்கிறது. 'வேண்டும்' என்றுதான் எழுத வேண்டும் என்று முதலில் ஒரு திருத்தம் போடுங்கள். லீவு உண்டா இல்லையா என்பதை, நாம் எல்லோரும் வழக்கமாகத் தட்டுகிற மாதிரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புங்கள்.